வேளாங்கண்ணிக்குப் போகாத மகனுக்கு

அன்புள்ள சவரிக்கு,

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் தமிழ் தெரிந்த வார்டர் ஒருவர் படித்துப் பார்ப்பார் என்று சொன்னார்கள். படிக்கட்டும். இனிமேல் நம் வீட்டில் மறைப்பதற்கு ஒன்றும் பாக்கி இல்லை. கடிதம் நீளமாக இருக்கிறதே என்று அவர் சலித்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. போன தடவை நான் உன்னைப் பார்க்க வந்தபோது, பேச வேண்டியதைப் பேசுவதற்குள் மணியடித்து எழுப்பிவிட்டது அவர்கள்தான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், இரண்டு பக்கமும் சீனத்திலும் மலாயிலும் தமிழிலும் அழுகை. அந்த இரைச்சலில் நீ ஒன்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாய். அதற்கான பதில்தான் இது.

"வெளியில வந்ததும் நான் பினாங்குக்குப் போயிடுறேம்மா. அங்க என்னைத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. நீங்க எல்லார்கிட்டயும் சொன்னது அப்படியே இருக்கட்டும். வேளாங்கண்ணியிலயே வேலை கெடச்சுத் தங்கிட்டான்னு சொல்லிடுங்க." இதுதான் நீ சொன்னது. அம்மாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னாய். பஸ்ஸில் திரும்பி வரும்போது முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. உன்னிடம் சொல்வதற்கென்ன, 'அப்பாடா' என்றுகூட நினைத்தேன். தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் இறங்கும்போதுதான் நான் என்ன நினைத்தேன் என்பது எனக்கே புரிந்தது. பெற்ற பிள்ளை வீட்டுக்கு வராமலிருந்தால் தேவலை என்று ஒரு தாய் நினைத்துவிட்டாள் என்றால், அவள் எங்கே வந்து நிற்கிறாள் என்று நீயே யோசித்துப் பார். அதனால்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறேன். நீ உள்ளே இருந்ததால் உனக்குப் பாதிதான் தெரியும்.

அன்றைக்கு நான் வழக்கம்போல பஃபலோ ரோட்டில் நம் வீட்டுக்குக் கீழே, கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் மெஷினைப் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். மத்தியான நேரம். துறைமுகக் கிடங்கில் உன்னோடு வேலை செய்கிற மலாய்க்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். குனிந்து, மெதுவாக, "மாக்சே, சவரி சுடா கேனா தங்காப்" என்றார். தங்காப் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? சந்தையில் பிக்பாக்கெட் பிடிபட்டால் எல்லாரும் கத்துகிற சொல்தானே. ஜவுளிப் பொதிகள் கணக்கில் ஏறாமல் லாரியில் ஏறிப் போயிருக்கின்றன, கணக்கெழுதுகிறவன் நீ, போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது. இவ்வளவையும் அவர் சொல்லி முடித்துத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். போய்விட்டார். நான் மறுபடி உட்கார்ந்து அந்த ரவிக்கையின் கையைத் தைத்தேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்க வேண்டும். அழவில்லை. யார் பார்த்தார்கள், யார் காதில் விழுந்தது என்றுதான் சுற்றிலும் பார்த்தேன்.

கோர்ட்டுக்கும் தனியாகத்தான் வந்தேன். பின் பெஞ்சில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நீ என்னைப் பார்த்தாயோ இல்லையோ தெரியாது. துரை இங்கிலீஷில் என்னவோ கேட்டார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரசங்கம் மாதிரி செந்தமிழில், "உம்மீது சாட்டப்பட்ட குற்றத்தை நீர் ஒப்புக்கொள்கிறீரா?" என்று உன்னைக் கேட்டார். நீ "ஆமாங்க" என்றாய். ஒன்றரை வருஷம் என்றார்கள். உன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தக் காகிதம் போதாது. கூட்டாளிக்கு உதவி செய்யப் போய் மாட்டிக்கொண்டேன் என்று நீ பிறகு சொன்னாயே, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதற்குப் பெயர் உதவி இல்லை, திருட்டு. ஆனால் அந்த "ஆமாங்க" என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு அந்தச் சொல் வரவில்லை. உன்னைப் பிடித்துக்கொண்டு போன மறுநாள் காலையில் லெட்சுமி வந்தாள். அவளை உனக்குத் தெரியும், பின்கட்டில் குடியிருக்கிற லெட்சுமி, இளம்பிள்ளை வாதக் காய்ச்சலில் கால் சூம்பிப்போன வள்ளியின் அம்மா. "தம்பி எங்கக்கா, ராத்திரி வரலயா?" என்று கேட்டாள். "ஊருக்குப் போயிருக்கான்" என்று வாய் தானாகச் சொன்னது. சொன்னபிறகுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சிங்கப்பூரில் ஊருக்குப் போகிறவன் எப்படிப் போவான்? தெருவே துறைமுகத்துக்குப் போய் மாலை போட்டுக் கப்பலேற்றிவிடும். ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தனுப்பும். இவளுக்குத் தெரியாமல் ஒருத்தன் ஊருக்குப் போக முடியுமா? "திடீர்னா? யாரும் கப்பலேத்தி விடப் போகலயே" என்றாள். அதற்கும் வாய் ஒன்று வைத்திருந்தது. "நேர்ச்சைம்மா. வேளாங்கண்ணிக்கு. சத்தமில்லாமப் போயிட்டு வரணும்னு வேண்டிக்கிட்டான்." மாதாவை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தேன். அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பொய் நம் வீட்டுக்குப் புதிதில்லை என்பது உனக்குத் தெரியும். உன் அப்பா உயிரோடு இருந்தபோது, சம்பளம் வாங்கினால் கள்ளுக்கடை, மறுநாள் படுக்கை. மேஸ்திரி வந்து கூப்பிட்டால் உன்னைத்தான் மாடிப்படியில் நிறுத்துவேன். "அப்பாவுக்குக் காய்ச்சல்" என்று நீ கண்ணை விரித்துச் சொல்கிற அழகுக்கு அந்த மனிதர் தலையைத் தடவிவிட்டுப் போவார். உனக்குக் கயா ஜாம் தடவிய ரொட்டி ஒரு துண்டு கிடைக்கும். வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது, அதுதான் நம் வீட்டுச் சட்டம். நீ வெளியில் செய்ததற்கெல்லாம் நானே காரணம் என்று மார்பில் அடித்துக்கொள்ள மாட்டேன். நீ வளர்ந்த ஆண்பிள்ளை. உன் கையை யாரும் பிடித்து இழுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் எப்படிப்பட்டது என்று இந்த மாதங்களில்தான் எனக்குப் புரிந்தது.

ஒரு சாவு விழுந்தால் பத்துப் பேர் வந்து உட்காருவார்கள். கோப்பி போட்டுக் கொடுப்பார்கள். அழு, அழு என்று சொல்லியே நம்மை அழ வைப்பார்கள். எனக்கு யாரும் வர முடியாது, ஏனென்றால் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. மகன் வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறான். புண்ணியவதி. கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல அதிரசமும் முறுக்கும் சுட்டேன், சுடாவிட்டால் கேட்பார்களே. வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சிரித்த முகத்தோடு கொடுத்தேன். மேலே வந்து கதவைச் சாத்தினால் அந்த ஒற்றை அறை என்னை விழுங்கிவிடும் போலிருக்கும். மழை நாளில் மெஷினை மேலே தூக்கி வைப்பேன். தைக்க ஒன்றுமில்லாவிட்டாலும், நூல் கோர்க்காத ஊசியை வைத்துச் சும்மா மிதித்துக்கொண்டிருப்பேன். அந்தச் சத்தம் கேட்டால் கீழே உள்ளவர்கள் நான் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். மனுஷ மக்கள் நிறைந்த பஃபலோ ரோட்டில் குடியிருந்துகொண்டு நான் அப்படித் தனியாக இருந்தேன். அப்பா செத்தபோதுகூட அவ்வளவு தனிமை இல்லை, நீ பக்கத்தில் இருந்தாய்.

உன்னைப் பார்க்க வருகிற வரிசையில் ஒருநாள் ரோசம்மா அக்கா நின்றிருந்தார்கள். நம் கோயிலில் பெண்கள் பக்கம் எனக்கு முன்னால் முழங்கால் போடுவார்களே, அந்த ரோசம்மாதான். யாரைப் பார்க்க வந்தார்களோ, எனக்கு அப்போது தெரியாது. என்னைக் கண்டதும் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு மதிலைப் பார்த்தார்கள். நானும் என் முந்தானையை இழுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர்கள் முன்னால், நான் பின்னால். முடிந்ததும் "நல்லா இருக்கீங்களா?" "சர்வேசுரன் புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்று பேசிக்கொண்டோம். இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் பேசவில்லை. இப்படியே எத்தனையோ மாதம் ஓடிற்று.

இனிமேல் சொல்லப்போவதுதான் உனக்குத் தெரியாதது. நீ போனதாக நான் சொன்ன சில வாரங்களில் லெட்சுமி ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பிரித்தால், வெள்ளியில் செய்த ஒரு கால். சிராங்கூன் ரோட்டு ஆசாரியிடம் சொல்லிச் செய்தது, என் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. "நாங்க கும்புடுற சாமி வேறதான்க்கா. ஆனா அந்த அம்மா எல்லாருக்கும் பொதுதானே. இத ரெஜிஸ்டர் தபால்ல தம்பிக்கு அனுப்புங்க. அவன் கையால உண்டியல்ல போடட்டும். வரும்போது வேளாங்கண்ணி எண்ணெய் கொண்டாரச் சொல்லுங்க, வள்ளி காலுல தேய்க்கணும்" என்றாள். வேண்டாம் என்று என்னவென்று சொல்வேன்? வாங்கி மெஷின் இழுப்பறையில், நூல் கட்டைகளுக்கு அடியில் வைத்தேன். தினமும் கேட்பாள், "கடிதாசி வந்துச்சாக்கா? போட்டுட்டானா?" ஒருநாள் எரிச்சலில், "போட்டுட்டான்மா, போட்டுட்டான்" என்று சொல்லிவிட்டேன். அன்று மாலையே சர்க்கரைப் பொங்கல் செய்து தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. தின்றேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வள்ளிக்குக் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவாளே, அதை நிறுத்திவிட்டாள். "மாதா காலடியில போட்டாச்சு, இனி எதுக்குக்கா பிள்ளைய அழ வைக்கணும்? இப்பவே நடை கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருக்கு, பாருங்களேன்" என்றாள். பார்த்தேன். தெளியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சாமியாரிடம், பொய் சொல்கிறேன் சாமி என்றேன். என்ன பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. அவரும் கேட்கவில்லை, மூன்று 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அவ்வளவு லேசாக முடிந்ததில் எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. யாராவது என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தமாட்டார்களா என்று இருந்தது. யாருக்கும் தெரியாத ஒன்றை யார் வந்து நிறுத்துவார்கள்?

அந்த நிலைமையில்தான் நீ பினாங்கு என்றாய். உன்னைப் பார்த்துவிட்டு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினேன் அல்லவா, மாடிக்குப் போகவில்லை. நேராக மெஷினுக்குப் போய், இழுப்பறையைத் திறந்து, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். லெட்சுமி அரிசி களைந்துகொண்டிருந்தாள். யோசித்தால் பயம் வந்துவிடும் என்று நின்றபடியே சொன்னேன். "லெட்சுமி, சவரி ஊருக்குப் போகல. ஜெயில்ல இருக்கான். திருட்டுக் கேஸ். இந்தா உன் வெள்ளிக் கால்."

அவள் முதலில் சிரித்தாள். "சும்மா வெளையாடாதீங்க லா அக்கா" என்றாள். பிறகு பொட்டலத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஜெயில் என்று கேட்டதும் முகத்தைச் சுளிப்பாள், ஊரைக் கூட்டுவாள் என்றுதான் இத்தனை மாதமும் பயந்து செத்தேன். அவள் அதைப்பற்றிப் பேசவே இல்லை. "ஒங்க மகன் ஜெயில்ல இருந்தா எனக்கென்னக்கா? வீட்டுக்கு வீடு வாசப்படி. என்கிட்டச் சொல்லியிருந்தா நான் ஒங்ககூட வந்து அந்த வாசல்ல நின்னிருக்க மாட்டனா? எம்புள்ள கால வச்சு வெளையாடிட்டீங்களே. பொங்கல் வச்சனே, அதையும் வாங்கித் தின்னீங்களே" என்றாள். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சவரி, போலீஸும் கோர்ட்டும் எனக்குக் கொடுக்காத தண்டனையை அவள் கொடுத்தாள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

மறுநாளைக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. அவள் சொன்னாளோ, சுவர் கேட்டுச் சொன்னதோ. தைக்கக் கொடுத்த துணியைச் சிலர் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். துணியில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம், ஜவுளித் திருட்டாச்சே. சிலர் தேவைக்கு மேல் உருகினார்கள், அது இதைவிட மோசம். ஆனால் சிராங்கூன் ரோட்டில் மாட்டுத்தீவனக் கடைக்காரர் சம்சாரம், என்னோடு ஒருநாளும் பேசாதவர், வந்து உட்கார்ந்து, "என் தம்பியும் ரெண்டு வருஷம் உள்ள இருந்தான்மா. நாங்க ஈப்போ டவுன்ல இருக்கான்னு சொல்லிட்டிருந்தோம்" என்று சொல்லிவிட்டு, ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போனார். அடுத்த தடவை உன்னைப் பார்க்க அனுமதி எழுதி வாங்க வந்து நின்ற வரிசையில் ரோசம்மா அக்கா மதிலைப் பார்க்கத் திரும்பியபோது, நானே போய்ப் பக்கத்தில் நின்று, "என் பையன் சவரி இங்கதான் இருக்கான்க்கா" என்றேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். உள்ளே இருப்பது அவர்கள் வீட்டுக்காரராம். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் நானும் அழுதேன். நல்லா அழுதேன்.

தனிமை போய்விட்டது என்று நினைக்காதே. உண்மையைச் சொன்னால் உடனே உறவு கூடிவிடும் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள், அப்படியெல்லாம் இல்லை. லெட்சுமி இன்னும் என்னோடு பேசவில்லை. வள்ளியைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், என் மெஷினைத் தாண்டித்தான் போக வேண்டும், திரும்பிப் பார்க்காமல் போகிறாள். குழந்தை மட்டும் அவள் தோளுக்குமேல் கையை ஆட்டும். நானும் ஆட்டுவேன். மாலையானால் அறை அதே அறைதான். ஆனால் இப்போது சும்மா மெஷினை மிதிப்பதில்லை. வருத்தமாக இருந்தால் வருத்தமாக உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது உன் விஷயம். நீ பினாங்குக்குப் போனால் எனக்கு மானம் வரும் என்று நினைக்கிறாய். எனக்கு வருவது இன்னொரு பொய்தான். அதற்கு ஒரு வேலை பார்த்துக் கொடுக்க வேண்டும், ஒரு பெண் பார்க்க வேண்டும், பேரப்பிள்ளை பிறந்தால் அதற்கும் பெயர் கண்டுபிடிக்க வேண்டும். நான் கட்டிவிட்ட அந்த வேளாங்கண்ணிப் பிள்ளை ரொம்ப நல்லவன், ஞாயிறு தவறாமல் பூசை காண்பவன். அவனால் எனக்கு என்ன பிரயோஜனம்? காய்ச்சல் வந்தால் ஒரு டம்ளர் கஞ்சி கொடுப்பானா? எனக்கு வயசாகிறது. ஊசியில் நூல் கோர்க்க இப்போதெல்லாம் வெளிச்சத்துக்கு நகர வேண்டியிருக்கிறது. எனக்கு நீதான் வேண்டும். திருடின கை என்று தெரிந்தே சொல்கிறேன், எனக்கு உன் கைதான் வேண்டும்.

வந்தால் சுலபமாக இருக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன். கிடங்கு வேலை இனிக் கிடைக்காது. சந்தையில் மூட்டை தூக்கினாலும் தூக்கு. பேச்சு வரும், வாங்கிக்கொள். உன்னை மாட்டிவிட்டவன் என்று நீ நினைக்கிறாயே, அந்தக் கூட்டாளி வந்து தோளில் கை போட்டால் எடுத்து விடு, சண்டை வேண்டாம். ஏன் செய்தாய் என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்பேன். வீட்டில், சோறு போட்டுவிட்டுக் கேட்பேன். அப்போது கோர்ட்டில் சொன்ன மாதிரி நேராகச் சொல். வந்த மறுநாள் பின்கட்டுக்குப் போய் லெட்சுமி கதவைத் தட்டு. அவள் திட்டினால் நின்று கேள். வள்ளியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக ஒரு ஆள் இருந்தால் அவளுக்கு நல்லது. அதை அவள் கேட்கமாட்டாள், நீயாகப் போய் நில்.

விடுதலை நாளன்று நான் வாசலில் நிற்பேன். ரோசம்மா அக்காவும் கூட வருவதாகச் சொன்னார்கள், வந்தால் சரி, வராவிட்டாலும் நான் நிற்பேன். டாக்சி வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வர வேண்டாம். இருட்டும்வரை எங்காவது காத்திருந்து பின் சந்து வழியாக வரவும் வேண்டாம். பஸ்ஸில் வந்து, தேக்கா சந்தை கூட்டமாக இருக்கிற நேரத்தில் இறங்கி, மீன் கடை, காய்கறிக் கடை, பூக்கடை எல்லாவற்றையும் தாண்டி, பஃபலோ ரோட்டில் நடு வழியாக என்கூட நடந்து வர வேண்டும். தலையைக் குனிந்துகொள்ள வேண்டுமென்றால் குனிந்துகொள், அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் நட. விஷயம் எட்டாத யாராவது ஒருத்தர் வழியில் நிறுத்தி, "அட சவரி, ஊர்லேர்ந்து எப்பப்பா வந்தே?" என்று கேட்கத்தான் செய்வார். நீ வாயைத் திறக்காதே. நான் சொல்கிறேன்: "ஜெயில்லேர்ந்து இப்பத்தான் வர்றான். இன்னும் சாப்பிடல. கொஞ்சம் வழி விடுங்க."

உன் அம்மா